தரைக்கு இறங்கும் பச்சோந்தி

பச்சோந்தியைப் பார்த்திருக்கிறீர்களா? கன்னடத்தில் இதை ஊசரவள்ளி என்பார்கள். பெங்களூரைச் சுற்றியுள்ள தோப்புகளிலும் புதர்க்காடுகளிலும் இது வாழ்கிறது. பன்னேருகட்டா பக்கத்து வேலிச் செடிகளில் சில நேரம் தென்படும்.

பச்சோந்தி மரத்தில் வாழும் பிராணி. அதன் பாதங்கள் இடுக்கி போல இருக்கும். அவற்றால் கிளையை இறுகப் பற்றும். வாலையும் கிளையில் சுற்றிக் கொள்ளும். தரையில் அதனால் வேகமாக நடக்க முடியாது. அப்படி இருந்தும் பெண் பச்சோந்தி சில நாட்களில் தரைக்கு இறங்குகிறது. ஏன்?

முட்டை இடத்தான்.

அப்போது அதன் வயிறு உப்பி இருக்கும். இரை எடுப்பது குறையும். ஈரமான, மிருதுவான மண்ணைத் தேடி அலையும். இடம் பிடித்ததும் கால்களால் குழி தோண்டும். பத்து முட்டைக்கு மேல் இடும். இருபது, முப்பது இடுவதும் உண்டு. பிறகு குழியை மண்ணால் மூடிவிட்டு மரம் ஏறிவிடும். அடை காக்காது. மண்ணின் சூடும் ஈரமுமே முட்டைகளைக் காக்கும். குஞ்சு பொரிக்கப் பல மாதங்கள் ஆகும்.

தரைக்கு வந்த பச்சோந்திக்கு ஆபத்துகள் பல. சாலையில் வண்டிச் சக்கரத்தில் சிக்கும். நாய் கவ்வும். விஷப் பிராணி என்று பயந்து சிலர் கல்லால் அடிப்பார்கள். பச்சோந்திக்கு விஷம் கிடையாது. உடலை உப்பிக் கொண்டு சீறுவது வெறும் மிரட்டல்தான். ஒரு தாயை அடித்தால் வயிற்றில் உள்ள அத்தனை முட்டைகளும் அழியும். பயிரைத் தின்னும் வெட்டுக்கிளிகளைப் பிடித்துத் தின்னும் ஒரு பிராணியை நாம் இழப்போம்.

சிலர் ஆசையாகப் பிடித்து வீட்டில் வளர்ப்பார்கள். இதுவும் தீங்குதான். கூண்டில் தோண்ட மண் இருக்காது. முட்டைகள் வயிற்றிலேயே தங்கிவிடும். தாய் இறந்து போகும். மேலும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சோந்தியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம்.

அப்படியானால் நாம் என்ன செய்யலாம்?

* பச்சோந்தி மண்ணைத் தோண்டினால் தள்ளி நில்லுங்கள். குழந்தைகளையும் நாயையும் அருகே விடாதீர்கள். வேலை முடிய மணிக்கணக்கில் ஆகலாம்.
* குழி மூடிய இடத்தைக் கொத்தாதீர்கள். அதன்மேல் குப்பையைக் கொளுத்தாதீர்கள்.
* தோட்ட வேலையில் முட்டைகள் தெரிந்தால் எடுக்காதீர்கள், புரட்டாதீர்கள். புரட்டினால் உள்ளே இருக்கும் கரு சாகலாம். உடனே மண்ணால் மூடிவிடுங்கள்.
* அடிபட்ட பச்சோந்தியைக் கண்டால் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் மெதுவாக வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கர்நாடக வனத்துறையின் 1926 என்ற எண்ணுக்குத் தகவல் சொல்லுங்கள். கெங்கேரி அருகே வனவிலங்குகளுக்கென்றே ஒரு மருத்துவமனையும் உள்ளது.

இன்னொன்றும் நம் கையில் இருக்கிறது. இன்று பல வீடுகளில் வாசல் முதல் கொல்லை வரை சிமெண்டு பூசிவிடுகிறோம். சிமெண்டுத் தரையில் பச்சோந்தி குழி தோண்ட முடியாது. மழைத் தண்ணீரும் உள்ளே இறங்காது. மரத்தடியில் கொஞ்சம் மண்ணை மண்ணாகவே விட்டு வைப்போம். மழை நீர் பூமிக்குள் போகும். பச்சோந்தியின் முட்டைக்கும் இடம் கிடைக்கும்.