படம் போடத் தெரிந்த பிள்ளைக்கு என்ன வழி?

“என் மகள் நன்றாகப் படம் போடுகிறாள் சார். அதை வைத்து என்ன செய்வது?” பெற்றோர் கூட்டங்களில் இந்தக் கேள்வியைப் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். “ஓவியப் போட்டியில் கலந்துகொள்ளட்டும்” என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் அந்தப் பெற்றோர் கேட்பது போட்டியைப் பற்றி அல்ல, பிழைப்பைப் பற்றி. அதற்குத் தக்க பதிலை நாம் வைத்திருக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் கை நேர்த்தியுள்ள பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் பெரும்பாலும் பிளெக்ஸ் கடைக்கோ டி.டி.பி. மையத்துக்கோ வேலைக்குப் போகிறார்கள். அது மதிப்புள்ள வேலைதான். ஆனால் அதற்கு மேலேயும் படிகள் உண்டு என்று யாரும் சொல்லாததால் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அந்தப் படிகளைப் பற்றியதே இக்கட்டுரை.

ஓவியம் வேறு, வடிவமைப்பு வேறு

கிராபிக் டிசைன் என்பதைத் தமிழில் வரைகலை வடிவமைப்பு என்கிறோம். பாடநூலின் பக்கம், கடையின் பெயர்ப்பலகை, பேருந்து நிலைய வழிகாட்டிப் பலகை, மருந்து அட்டை, கைப்பேசிச் செயலியின் திரை என எழுத்தும் படமும் சேர்ந்து ஒரு செய்தியைச் சொல்லும் இடமெல்லாம் இத்துறைக்கு உரியது. ஓவியர் தாம் கண்டதையும் உணர்ந்ததையும் வரைகிறார். வடிவமைப்பாளரோ தம் முன்னால் இல்லாத ஒருவருக்காக வேலை செய்கிறார். மாத்திரை அட்டையில் காலாவதி தேதி ஒரு மூதாட்டியால் படிக்க முடியாத அளவில் அச்சாகியிருந்தால், அட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது தோற்றுப்போன வடிவமைப்பே.

அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை தந்தனர். தாங்கள் இந்தியாவில் கண்டு வியந்த பொருள்களுள் மிகச் சிறந்ததாக அவர்கள் அதில் குறிப்பிட்டது நம் வீட்டுச் செம்பைத்தான். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், எப்படிச் சாய்த்தால் எப்படி ஊற்றும், தலையிலோ இடுப்பிலோ எப்படி உட்காரும் என்று தலைமுறை தலைமுறையாகத் திருத்தித் திருத்தி அமைந்த வடிவம் அது. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது.

சித்தன்னவாசலில் படிக்கக்கூடிய பாடம்

புதுக்கோட்டை மாவட்ட ஆசிரியர்கள் இத்துறையை விளக்கக் கணினி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சித்தன்னவாசல் குன்று இருக்கிறது.

ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களின் கற்படுக்கைகளுக்கு இடையே, கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய காலத்தைச் சேர்ந்த தமிழி எழுத்துக் கல்வெட்டு உள்ளது. அதே குன்றின் மறுபுறம் உள்ள அறிவர் கோயில் குடைவரையில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு உள்ளது. பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுப்பித்த செய்தியைச் சொல்வது அது. முதலாவதில் கோடுகள் நேராகவும் கூராகவும் நிற்கின்றன. இரண்டாவதில் எழுத்துகள் வளைந்து, இன்றைய தமிழ் எழுத்துக்கு நெருங்கி வந்துவிட்டன. எழுதும் பொருளும் கருவியும் கையும் மாற மாற எழுத்தின் உருவமும் மாறும் என்ற எழுத்துருவியலின் அடிப்படையை ஒரே குன்றில் காட்டிவிடலாம்.

மண்டப விதானத்தில் உள்ள தாமரைக்குளம் இன்னொரு பாடம். பூக்கள், இலைகள், மீன்கள், அன்னங்கள், யானைகள், பூப்பறிக்கும் மனிதர்கள் என அவ்வளவு உருவங்கள் இருந்தும் நெரிசல் தெரிவதில்லை. தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது. கருவறை விதானத்திலோ வட்டமும் சதுரமும் திரும்பத் திரும்ப வரும் கம்பளக் கோலம். முன்னது இயல்பான பரவல், பின்னது கட்டங்களுக்கு உட்பட்ட ஒழுங்கு. இன்றைய பக்க வடிவமைப்பாளர் ஒவ்வொரு நாளும் இந்த இரண்டுக்கும் இடையேதான் தேர்வு செய்கிறார். மாணவர்களை அழைத்துச் செல்லும்போது ‘எவ்வளவு பழமை’ என்பதோடு நிறுத்தாமல், ‘இதை எப்படி அடுக்கியிருக்கிறார்கள்’ என்றும் கேட்கலாம்.

ஒரு போட்டி திறந்த கதவு

இந்திய ரூபாய்க்கெனத் தனிக் குறி உருவாக்க மத்திய நிதியமைச்சகம் 2009இல் பொதுப் போட்டி ஒன்றை அறிவித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. அவற்றிலிருந்து 5 வடிவங்கள் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகி, 2010 ஜூலை 15 அன்று டி. உதயகுமாரின் வடிவத்தை அமைச்சரவை ஏற்றது. பரிசுத் தொகை 2.5 லட்சம் ரூபாய்.

உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர். அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து, மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில் வடிவமைப்பு மையத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். தமிழ் எழுத்துருவியலிலேயே முனைவர் பட்ட ஆய்வையும் செய்தார். பின்னர் குவாஹாட்டி ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார். தேவநாகரி ‘ர’வையும் ரோமன் ‘ஆர்’ எழுத்தையும் ஒன்றாக்கி, மேலே இரு கிடைக்கோடுகள் இட்டது அவருடைய தீர்வு. பார்க்க எளிது. ஆனால் சிறு நாணயத்திலும் பெரிய பலகையிலும் தெளிவாகத் தெரிய வேண்டும், கையாலும் எழுத வர வேண்டும், இந்தியத் தன்மையும் இருக்க வேண்டும் என்ற மூன்று தேவைகளை அது ஒருசேர நிறைவேற்றியது. எழுத்தைப் பல ஆண்டுகள் படித்ததன் பயன் அது.

தமிழ் எழுத்துரு இன்று ஒரு தொழில்துறை. பிரியா ரவிச்சந்திரன் உருவாக்கிய ‘கட்டமரன்’, இலங்கையின் தாரிக் அசீஸ் உருவாக்கிய ‘பவனம்’, ‘கவிவனார்’ ஆகியவை கூகுள் எழுத்துருக்கள் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய தமிழ் எழுத்துருவும் விசைப்பலகையும் உலகெங்கும் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழைக் கொண்டுசேர்த்தன.

சென்னையில் நடப்பவை

இத்துறையின் மனிதர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும் இடம் பெரும்பாலும் பெருநகரமே. சுற்றுலாவுக்கோ தேர்வுக்கோ சென்னை செல்லும் மாணவர்கள் சில இடங்களைப் பார்த்துவரலாம்.

பெரியமேட்டில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவரால் தொடங்கப்பட்டது. ஓவியர் கே.எம். ஆதிமூலம் இங்கே பயின்றவர். தமிழ்ச் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் அவர் எழுதிக் கொடுத்த தலைப்பெழுத்துகள் அட்டை வடிவமைப்பின் போக்கையே மாற்றின. இக்கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் உருவானது சோழமண்டல ஓவியர் கிராமம். அங்குள்ள காட்சிக்கூடத்தைப் பொதுமக்கள் பார்க்கலாம்.

திருவான்மியூரில் தாரா பதிப்பகம் தன் ‘புக் பில்டிங்’ கட்டடத்தில் கண்காட்சிகளும் பயிலரங்குகளும் நடத்துகிறது. கையால் திரைஅச்சு செய்து நூல்களை உருவாக்கும் இப்பதிப்பகம், ஆசியாவின் சிறந்த சிறார் பதிப்பகத்துக்கான போலோனியா விருதை 2013இல் பெற்றது. கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையம் உள்ளது. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் நூறாண்டுக்கும் மேற்பட்ட தமிழ் அச்சின் வரலாற்றைக் காணலாம். அதன் அடித்தளம் நம் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்த சேகரிப்பு.

1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சியும் ஒரு வடிவமைப்புக் கண்காட்சிதான். ஆயிரக்கணக்கான அட்டைகளை ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிற இடம் வேறில்லை. இந்த வாய்ப்பு புதுக்கோட்டைப் புத்தகத் திருவிழாவிலும் உண்டு.

நாடளவில் மும்பை ஐ.ஐ.டி. 2008இல் தொடங்கிய ‘டைப்போகிராபி டே’ குறிப்பிடத்தக்கது. ஆண்டுதோறும் வெவ்வேறு நிறுவனங்களில் நடந்துவந்த இக்கருத்தரங்கு, 2017இல் இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. இந்திய மொழி எழுத்துகள் குறித்த உரைகள், பயிலரங்குகளுடன் சுவரொட்டிப் போட்டியும் இதில் இடம்பெறும்.

எங்கே படிக்கலாம்?

சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் காட்சித் தொடர்பு வடிவமைப்பு உள்ளிட்ட பிரிவுகளில் நான்காண்டுப் பட்டப்படிப்பு உள்ளது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும், செய்முறை நுழைவுத் தேர்வும் வேண்டும். நம் மாவட்டத்துக்குக் கும்பகோணம் பக்கம். அரசுக் கல்லூரி என்பதால் செலவும் குறைவு.

பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்குத் தரமணியில் உள்ள அரசு அச்சுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பட்டயப் படிப்பு உண்டு. அச்சும் பொதிகட்டலும் சிவகாசி முதல் சென்னை வரை ஆள் தேடும் தொழில்கள்.

அகில இந்திய அளவில் மூன்று தேர்வுகள் முக்கியமானவை. ஐ.ஐ.டி.களின் இளநிலை வடிவமைப்புப் படிப்புக்கு ‘யுசீட்’, தேசிய வடிவமைப்பு நிறுவனங்களுக்கு ‘டாட்’, சென்னை தரமணி உட்படப் பல ஊர்களில் உள்ள தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனங்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு. இவற்றுக்கு அறிவியல் பிரிவு கட்டாயமல்ல. வணிகவியல், கலைப்பிரிவு மாணவர்களும் எழுதலாம். விண்ணப்பம் பொதுவாக ஆண்டின் கடைசி மாதங்களிலேயே வந்துவிடும். பொதுத்தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தால் ஓராண்டு போய்விடும். யுசீட் தேர்வில் மாணவியருக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதிக் கட்டணம். வினாத்தாள் தமிழில் இல்லை என்பது நம் மாணவர்களுக்குத் தடையே. ஆனால் வினாக்களில் பெரும்பகுதி படங்களையும் வடிவங்களையும் கூர்ந்து பார்த்து விடையளிப்பவை. பழைய வினாத்தாள்களைக் கொண்டு பதினோராம் வகுப்பிலேயே பழக்கினால் அச்சம் குறையும்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து உயர்கல்வி சேர்வோருக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. ஐ.ஐ.டி. போன்ற முதன்மை நிறுவனங்களில் சேரும் அரசுப் பள்ளி மாணவரின் இளநிலைப் படிப்புச் செலவை அரசே ஏற்பதாகவும் அறிவிப்பு உள்ளது. பெற்றோர் முதலில் கேட்பது செலவைத்தான் என்பதால், இத்தகவல்களை நாமே முந்திச் சொல்லிவிட வேண்டும்.

போட்டிகளில் கவனம்

இலச்சினைப் போட்டிகள் ‘மைகவ்’ தளத்தில் அடிக்கடி அறிவிக்கப்படுகின்றன. தூய்மை இந்தியா திட்டத்தின் காந்தி மூக்குக்கண்ணாடிச் சின்னம் 2014இல் அப்படி வந்ததுதான். மாணவர்களைப் பங்கேற்கச் செய்யலாம். ஆனால் இத்துறையினரிடையே இதற்கு ஓர் எதிர்ப்புக் குரலும் உண்டு. ஆயிரம் பேர் உழைத்து ஒருவருக்கு மட்டும் பணம் தருவது உழைப்பை மலிவாக்குகிறது என்கிறார்கள். அது நியாயமான வாதம். எனவே பயிற்சிக்காகப் பங்கேற்கட்டும், அதையே பிழைப்பாக எண்ண வேண்டாம். படைப்பின் உரிமை யாருக்குப் போகிறது என்ற விதியைப் படித்த பிறகே அனுப்பட்டும். கட்டணம் கேட்கும் முகம் தெரியாத போட்டிகளைத் தவிர்க்கட்டும்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

முதலாவது, தொகுப்பேடு. படைப்புகளின் தொகுப்பே இத்துறையில் ஒருவருக்குச் சான்றிதழ். எட்டாம் வகுப்பிலிருந்தே நல்ல வேலைகளைத் தேதியிட்டு ஒரு கோப்பில் சேர்க்கச் செய்யலாம். இறுதி வடிவத்தை மட்டுமல்ல, அதற்கு முந்தைய முயற்சிகளையும் வைக்க வேண்டும். மாணவர் எப்படிச் சிந்திக்கிறார் என்பதை அவையே காட்டும்.

இரண்டாவது, உண்மையான தேவை. சத்துணவுக் கூடத்துக்குக் கைகழுவும் அறிவிப்பு, ஆய்வகப் புட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு, முதல் வகுப்புக் குழந்தைக்கும் புரியும் கழிப்பறைக் குறியீடு ஆகியவற்றைச் செய்யச் சொல்லலாம். செய்தபின் அதைப் பயன்படுத்துவோரிடம் காட்டிப் புரிகிறதா என்று கேட்டுத் திருத்தச் சொல்ல வேண்டும். அந்தத் திருத்தமே பாடம்.

மூன்றாவது, கருவிகள். உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளில் இங்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் போதும். தமிழை ஒருங்குறியில் தட்டச்சு செய்யப் பழக்குவது இன்றியமையாதது. பழைய குறியாக்க எழுத்துருக்களையே நம்பியிருக்கும் கடைகளில்கூட, ஒருங்குறியும் தெரிந்த பிள்ளைக்குத் தனி மதிப்பு உண்டு.

நான்காவது, ஊரில் உள்ள ஆசான்கள். பிளெக்ஸ் வருவதற்கு முன் சுவரிலும் பலகையிலும் தூரிகையால் எழுதிய ஓவியர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஒரு பிற்பகல் அவர்களைப் பள்ளிக்கு அழைத்து, ‘அ’வின் சுழியைத் தூரிகையில் எப்படிச் சுற்றுவது, எழுத்துக்கும் எழுத்துக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது என்று காட்டச் சொல்லலாம். கணினி சொல்லித்தராத கண் பழக்கம் அவர்களிடம் இருக்கிறது.

படம் போடும் பிள்ளைகள் எல்லோரும் வடிவமைப்பாளர் ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் இப்படியொரு வழி இருப்பதை அறியாமல் ஒரு பிள்ளைகூட அதை விட்டுவிடக் கூடாது. பதினோராம் வகுப்புச் சேர்க்கையின்போதே கும்பகோணம் கல்லூரியின் பெயரையும் யுசீட் தேர்வின் பெயரையும் அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்போம். நன்கு தெரியும் எழுத்தில், படிக்கும் உயரத்தில்.