மிகையாய்ச் சுரக்கும் தைராய்டும் கழுத்துக் கட்டியும்

தைராய்டு கோளம் அளவு மிஞ்சிச் சுரப்பவர்களுக்குப் புற்றுநோய் அண்டாது என்று வைத்தியர்களிடையேகூட நெடுங்காலம் நிலவிய நம்பிக்கையை, புனேயின் கட்கியிலும் ராஸ்தா பேட்டிலும் தலைமுறைகளாக வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் இனியும் சுமந்திருக்கலாகாது. அந்த நம்பிக்கைக்கு ஒரு நியாயம் உண்டு: மிகைச்சுரப்பில் டி.எஸ்.ஹெச். என்னும் ஹார்மோன் தாழ்ந்துவிடுகிறது, கோளத்தின் திசுக்களை வளரத் தூண்டுவது அதுவே. ஆனால் கோளத்தை மிகையாகச் சுரக்கவைக்கும் கிரேவ்ஸ் வியாதியில், உடல் தனக்கெதிராகவே உண்டாக்கிக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் டி.எஸ்.ஹெச்.சின் ஸ்தானத்தில் அமர்ந்து அதே தூண்டுதலைச் செய்வதால், அந்த ஆறுதல் நிலைக்கவில்லை.

ஆகவே மிகைச்சுரப்போடு கழுத்தில் கட்டியும் தென்பட்டால் அதன் தன்மையை அறிய வேண்டும். கட்டி தானே மிகையாகச் சுரந்து, ஸ்கேனில் கதிரியக்க மருந்தை ஈர்த்துக் காட்டுமானால், அதில் புற்றுநோய் இருப்பது அபூர்வம். ஈர்க்காத கட்டியே சந்தேகத்துக்குரியது. அத்தகைய கட்டிகளிலும் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றாலும், அல்ட்ராசவுண்டு பார்த்து, அவசியமானால் ஊசியால் திசு எடுத்துச் சோதித்த பிறகே அப்படிச் சொல்ல முடியும். கார்பிமசோல் மாத்திரையால் படபடப்பு தணிந்து, எடை கூடி, உறக்கம் திரும்பியதும் வியாதியே தீர்ந்ததென்று கட்டியை மறந்துவிடுவதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. அம்மாத்திரை சுரப்பைத்தான் அடக்கும், கட்டியின் குணத்தைச் சொல்லாது. குரல் கம்மினாலும், விழுங்கச் சிரமமானாலும், கட்டி கெட்டியாகி விரைந்து வளர்ந்தாலும், சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றிருந்தாலும் தாமதிக்கலாகாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் ஸ்கேனுக்கு முன்பே தம் நிலையை வைத்தியரிடம் தெரிவிக்கவேண்டும்.

பணமில்லை என்பது பரிசோதனையைத் தள்ளிப்போடக் காரணமாக வேண்டியதில்லை. 1867 முதல் இயங்கும் சசூன் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. மகாராஷ்டிரப் பொது அறநிலையச் சட்டத்தின் 41ஏஏ பிரிவின்படி, தர்ம ஆஸ்பத்திரிகள் பத்து சதவீதப் படுக்கைகளை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு பத்து சதவீதத்தை நலிந்தோருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்கக் கடமைப்பட்டவை. நம்மவர் பெயர் தாங்கிய சர்தார் முதலியார் சாலையில் உள்ள கே.இ.எம். ஆஸ்பத்திரியும் அத்தகையதே. ரேஷன் கார்டும் தாசில்தாரின் வருமானச் சான்றிதழும் எடுத்துச் சென்று அங்குள்ள சமூகப் பணியாளரைக் காணுங்கள். மறுக்கப்பட்டால் புனேயிலுள்ள அறநிலைய ஆணையர் அலுவலகத்தில் எழுத்துமூலம் முறையிடுங்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களின் நகலைப் பெறவும் உங்களுக்கு உரிமையுண்டு. அவற்றோடு மற்றொரு வைத்தியரின் அபிப்பிராயத்தைக் கேட்பதில் தவறேதுமில்லை.