வலைத்தொடர்பிற் பிழை காணும் முறை

இன்று பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்கும் மாணவன் இணையத்தின் வழியாகவே விண்ணப்பிக்கின்றான். பரீட்சைப் பெறுபேற்றையும் அதிலேயே காண்கின்றான். விண்ணப்ப முடிவு நாளில் திரையில் “இணைப்பு இல்லை” என்னும் செய்தி தோன்றுமாயின், அவன் ஓராண்டையே இழக்க நேரலாம். அவ்வேளையிற் பலர் செய்வது யாது? கணினியைப் பலமுறை நிறுத்தி இயக்குவர். பின்னர் அது பழுதாயிற்று என முடிவு செய்து திருத்துநரிடம் தூக்கிச் செல்வர். பழுதோ பெரும்பாலும் ஒரு கம்பியின் முனையில் இருக்கும். ஆதலின், பிழை இருக்குமிடத்தை முறையாகக் காணும் வழியை, லினக்ஸ் என்னும் திறந்த மூல இயங்குதளத்தைச் சார்ந்து ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

லினக்ஸின் கருவை 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டுப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், விலையின்றிப் பகிரலாம். பழைய கணினிகளிலும் அஃது இயங்குமாதலின், அன்பளிப்பாகக் கிடைத்த பொறிகளைக் கொண்டு நடக்கும் பாடசாலைகளுக்கு மிக ஏற்றது. நம் நாட்டவர்க்கும் இத்துறையிற் பங்குண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கிழக்குக் கரையை அழித்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவு செய்தற்கென இலங்கைக் கணினி வல்லுநர் சிலர் ‘சகானா’ என்னும் திறந்த மூல மென்பொருளை ஆக்கினர். பின்னர்ப் பிற நாடுகளும் அதனைத் தம் இடர்க்காலங்களிற் பயன்படுத்தின.

இனி முறையைக் காண்போம். எழுத்து, சொல், பொருள் என்னும் வரிசையில் இலக்கணம் கற்ற நமக்கு இது புதிதன்று. எழுத்தே பிழையாயின் சொல் அமையாது. சொல் அமையாவிடத்துப் பொருளை ஆராய்தல் வீண். வலைத்தொடர்பும் அவ்வாறே மூன்று படிகளை உடையது. முதலாவது, சமிக்ஞை செல்லும் வழி. இரண்டாவது, அவ்வழியிற் செல்லுதற்குரிய முகவரி. மூன்றாவது, முகவரியைக் குறிக்கும் பெயர். கீழ்ப்படி நன்றென உறுதி செய்த பின்னரே மேற்படியை ஆராய்தல் வேண்டும்.

முதற்படியிற் கம்பிவழித் தொடர்பை நோக்குவோம். வலைக்கம்பியினுள்ளே எட்டுச் செம்பிழைகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டுள்ளன. அக்கம்பியின் நீளம் 100 மீற்றருக்கு மேற்படலாகாது. கணினியிற் செருகும் துவாரத்தின் அருகே சிறு விளக்கு எரிகின்றதா எனப் பார்க்க. பின்னர் முனையத்தில் ‘ஐபி லிங்க்’ என்னும் கட்டளையை இடுக. ‘நோ கேரியர்’ என விடை வரின், மறுமுனையிலிருந்து சமிக்ஞை வரவில்லை என்பது கருத்து. கம்பியை மாற்றிப் பார்த்தலும், ரவுட்டரில் வேறு துவாரத்திற் செருகிப் பார்த்தலும் அப்போது செய்யற்பாலன. வாவியும் கடலும் சூழ்ந்த நம் பகுதியில் உப்புக்காற்று செம்பு முனைகளை அரிப்பதுண்டு. தொடர்பு இருந்தும் வேகம் 1000 மெகாபிற்றிலிருந்து 100க்கு இறங்கியிருப்பின், ஓரிணை இழை அறுந்ததோ என ஐயுறலாம். ஏனெனில் 100 மெகாபிற்றுக்கு இரண்டு இணைகள் போதும், 1000க்கு நான்கும் வேண்டும்.

கம்பியில்லாத் தொடர்பிற் கண்ணுக்குப் புலனாகும் கம்பி இல்லாமையால் மயக்கம் மிகுதி. முதலில் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ எனும் கட்டளையை இடுக. அதில் ‘ஹார்ட் பிளாக்ட்’ என்பதற்கு நேரே ‘யெஸ்’ என்றிருப்பின், கணினியின் பக்கத்திலுள்ள சிறு ஆளி அணைந்திருக்கின்றது. ‘சாஃப்ட் பிளாக்ட்’ என்பதற்கு நேரே அவ்வாறிருப்பின், மென்பொருளால் தடுக்கப்பட்டுள்ளது; அதனைக் கட்டளையாலேயே நீக்கலாம். வைஃபைக் கருவியே காணப்படாவிடின், அதற்குரிய நிலைபொருள் கணினியில் இல்லாதிருக்கலாம். ‘டிமெசெக்’ என்னும் கட்டளை காட்டும் குறிப்பேட்டில் அச்செய்தி எழுதப்பட்டிருக்கும். டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டின் நிறுவற்றட்டில் 2023ஆம் ஆண்டின் 12ஆம் பதிப்பு முதல் இந்நிலைபொருள்கள் சேர்க்கப்பட்டமையால், இத்தொல்லை பெரிதும் குறைந்தது.

வைஃபை கிடைத்தும் மந்தமாயிருப்பதேன் எனச் சிலர் வினவுவர். ஓட்டமாவடியின் பழைய இரும்புப் பாலத்தை நினைந்தால் விடை விளங்கும். அங்கே புகையிரதமும் வீதி வாகனங்களும் ஒரே பாலத்தைப் பகிர்ந்தன. ஒன்று செல்லும்போது மற்றது காத்து நின்றது. வைஃபையின் ஓர் அலைவழியிலும் ஒரு நேரத்தில் ஒரு கருவியே பேசல் கூடும். ஒரு வகுப்பில் முப்பது கருவிகள் இருப்பின், இருபத்தொன்பது காத்திருக்கும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத வழிகள் 1, 6, 11 என்னும் மூன்றே. அயல் வீட்டார் வழியும் நம் வழியும் ஒன்றாயின், ரவுட்டரில் வேறொன்றைத் தெரிதல் நன்று. அசையாது ஓரிடத்திலிருக்கும் கணினிக்குக் கம்பியே சிறந்தது.

இரண்டாம் படி முகவரி. ‘ஐபி அட்ரெஸ்’ எனும் கட்டளை நம் கணினி பெற்ற எண்முகவரியைக் காட்டும். 192.168 எனத் தொடங்கும் எண் வீட்டு வலையமைப்புகளிற் பெருவழக்கு. எண் எதுவும் இல்லையாயின், ரவுட்டர் முகவரி வழங்கவில்லை. கடவுச்சொல்லையும் ரவுட்டரையும் ஆராய்க. எண் உண்டாயின், ‘ஐபி ரூட்’ என்பதில் ‘டிஃபால்ட்’ எனத் தொடங்கும் வரியை நோக்குக. அங்குள்ள எண்ணே ரவுட்டரின் முகவரி. அதனைப் ‘பிங்’ என்னும் கட்டளையால் வினவுக. விடை வரின் வீட்டினுள் எல்லாம் நலம். அடுத்து 8.8.8.8 என்னும் வெளியுலக முகவரியை வினவுக. ரவுட்டர் விடை தந்து, வெளிமுகவரி விடை தராவிடின், பிழை பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே உள்ளது. சில நிலையங்கள் பிங்குக்கு விடை தாரா. ஆதலின் வேறொன்றையும் வினவிய பின்னரே இணைப்பு வழங்குவோரிடம் முறையிடல் தகும்.

மூன்றாம் படி பெயர். எண்ணுக்கு விடை வந்து, தளத்தின் பெயருக்கு விடை வாராவிடின், பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் சேவையே பிழைத்தது. வலையமைப்பு அமைப்பில் வேறொரு டிஎன்எஸ் முகவரியை இட, அது சீராகும்.

இம்மூன்றும் நன்றாயிருந்தும், எல்லாத் தளங்களும் “பாதுகாப்பற்றது” எனக் கூறி மறுக்குமாயின், கணினியின் திகதியைப் பார்க்க. பழைய பொறிகளிற் சிறு மின்கலம் தீர்ந்து, திகதி பல்லாண்டு பின்னே சென்றிருக்கும். தளங்களின் சான்றிதழ்கள் காலவரையறை உடையன. பிழையான திகதியில் அவை செல்லாதனவாகத் தோன்றும். திகதியைத் திருத்தினால் தளங்கள் திறக்கும். இவ்வொரு காரணத்தாற் கழிக்கப்படும் நற்கணினிகள் உண்டு என்பது வருந்தத்தக்கது.

மாணவர்காள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. மாற்றியதையும் விளைவையும் குறிப்பேட்டில் எழுதுக. பலவற்றை ஒருங்கே மாற்றியவன் எதனாற் சீராயிற்று என அறியான். கல்லூரிக்குக் கணினி வழங்க விரும்பும் பழைய மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம்: பொறியோடு நல்ல கம்பிகள் சிலவற்றையும், ஒரு பிற்பகலையும் தருக. அப்பிற்பகலில் இம்மூன்று படிகளையும் நான்கு மாணவர்க்குக் கற்பித்தால், நும் அன்பளிப்பு மூலையிற் கிடவாது பல்லாண்டு பயன்படும்.