டைனோசருக்கு வேர்க்குமா?

மே மாத மத்தியானம். கரன்ட் போய் அரை மணி நேரமாகிறது. முகமெல்லாம் வேர்த்து வழிய, ஐந்து வயதுச் சுட்டி தன் ரப்பர் டைனோசருக்கு விசிறிக்கொண்டே கேட்கிறது: "அம்மா, டைனோசருக்கு வேர்க்குமா? அதுக்கு யாரு ஃபேன் போட்டா?"

"அதெல்லாம் எப்பவோ செத்துப்போச்சுடா கண்ணா" என்று சொல்லி நகர்ந்துவிடலாம். பல வீடுகளில் அப்படித்தான் முடிகிறது. ஆனால், விஞ்ஞானிகளே பல வருஷமாக மண்டையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி இது. பதிலில் பாதி, எதிர்வீட்டு மொட்டைமாடிச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது.

காக்காதான்! பறவைகள் டைனோசர் குடும்பத்தின் ஒரு கிளையிலிருந்து வந்தவை. உச்சி வெயிலில் காக்காவைக் கவனிக்கச் சொல்லுங்கள். அலகைத் திறந்தபடியே மூச்சு வாங்கும். பக்கத்தில் கோழி இருந்தால் இன்னும் நல்லது. இறக்கையை உடம்பிலிருந்து விலக்கிவைத்துக்கொண்டு இரைக்கும். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயிலும் தொண்டையிலும் இருக்கும் ஈரம் ஆவியாகிப் போகும்போது, உடம்புச் சூட்டையும் கொண்டுபோய்விடும். டைனோசருக்குத் தூரத்துச் சொந்தமான முதலைக்கும் வேர்க்காது. அதுவும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். இந்தப் பக்கத்துச் சொந்தத்துக்கும் வேர்க்காது, அந்தப் பக்கத்துச் சொந்தத்துக்கும் வேர்க்காது என்றால், டைனோசருக்கும் வேர்த்திருக்க வாய்ப்பு குறைவு. ஆவியானால் ஏன் குளிர்கிறது என்று அடுத்த கேள்வி வரும். முழங்கையில் கொஞ்சம் தண்ணீர் தடவி ஊதச் சொன்னால் போதும். 'சில்'லென்று இருக்கும்.

காக்கா சின்னது, சரி. 20, 30 டன் எடையுள்ள நீளக் கழுத்து டைனோசர் என்ன செய்தது? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. ஒரு பெரிய சொம்பிலும் ஒரு சின்ன டம்ளரிலும் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி வையுங்கள் (கொதிநீர் வேண்டாம், குழந்தை கண்டிப்பாகக் கையை விடும்). கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டால், டம்ளர் ஆறியிருக்கும், சொம்பு ஆறியிருக்காது. பெரிய உடம்பும் அப்படித்தான். உள்ளே சூடு அதிகம், அது வெளியேறத் தோல்பரப்பு போதாது. அவ்வளவு பெரிய உடம்பு உள்ளுக்குள்ளேயே கொதித்துப்போயிருக்க வேண்டாமா?

2011-ல் ஆய்வாளர் ராபர்ட் ஈகிள் குழுவினர் இந்தப் பெரிய டைனோசர்களின் பற்களை ஆராய்ந்தார்கள். பல் உருவான நேரத்தில் உடம்பில் எவ்வளவு சூடு இருந்தது என்பது, அதிலுள்ள அணுக்களின் பிணைப்பில் பதிவாகியிருக்கும். கிட்டத்தட்ட 15 கோடி வருஷம் கழித்துத் தெர்மாமீட்டர் வைத்த மாதிரி! விடை 36-லிருந்து 38 டிகிரி செல்சியஸ். ஏறக்குறைய நம் உடம்புச் சூடுதான். அப்படியானால், சூட்டைத் தணிக்க அவற்றிடம் ஏதோ வழி இருந்திருக்க வேண்டும். நீண்ட கழுத்தும் வாலும் தோல்பரப்பைக் கூட்டிக் கொடுத்திருக்கும். பறவைகளுக்கு இருப்பதுபோல உடம்புக்குள் காற்றுப்பைகளும் இருந்தன.

காபியை ஏன் டபராவில் ஊற்றி ஆற்றுகிறோம்? பரப்பு கூடினால் சீக்கிரம் ஆறும். முதுகில் வரிசையாகப் பலகை வைத்த ஸ்டெகோசாரஸின் கதையும் இதுவாக இருக்கலாம் என்று 1976-ல் சில விஞ்ஞானிகள் சொன்னார்கள். அந்தப் பலகைகளில் ரத்தம் ஓடிய தடங்கள் உண்டு. காற்று பட்டால் ரத்தம் ஆறும். 'இல்லை, அது மற்ற டைனோசர்களிடம் பந்தா காட்டத்தான்' என்று சொல்பவர்களும் உண்டு. இந்தச் சண்டையையும் குழந்தைக்குச் சொல்லுங்கள். 'இருக்கலாம்' என்ற வார்த்தையைக் குழந்தைகள் ரசிக்கவே செய்வார்கள்.

இருப்பதிலேயே வேடிக்கையானது ஆங்கைலோசார். தலை முதல் வால் வரை எலும்புக் கவசம் போட்ட டைனோசர். அதன் மண்டை ஓட்டை ஸ்கேன் செய்து பார்த்தால், மூக்குத் துளையிலிருந்து தொண்டைக்குப் போகும் பாதை நேராக இல்லை. குழந்தைகள் ஜூஸ் குடிக்கும் சுருள் ஸ்ட்ரா போல மண்டைக்குள் வளைந்து, நெளிந்து, திரும்பிப் போகிறது. எதற்கு இவ்வளவு சுற்று? 2018-ல் ஜேசன் பர்க் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அந்தப் பாதையில் கம்ப்யூட்டரிலேயே காற்றை ஓடவிட்டார்கள். உள்ளே வரும் காற்று, பக்கத்தில் ஓடும் ரத்தத்தின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. ஆறிய ரத்தம் மூளைக்குப் போகிறது. அதே பாதையைக் குட்டையாக, நேராக மாற்றிப் பார்த்தபோது அந்த வேலை அவ்வளவு நன்றாக நடக்கவில்லை. உடம்பு சூடானால் சமாளிக்கலாம், மூளை சூடானால் ஆபத்து. ஆக, அந்த டைனோசர் தன் குட்டி மூளைக்கு மூக்குக்குள்ளேயே ஏ.சி வைத்திருந்தது!

எல்லாச் சுட்டிகளுக்கும் பிடித்த டி.ரெக்ஸை விட்டுவிட்டால் கோபம் வரும். அதன் மண்டை உச்சியில் இரண்டு பெரிய ஓட்டைகள் உண்டு. தாடைத் தசைக்கான இடம் என்றுதான் முன்பு நினைத்தார்கள். 2019-ல் ஃப்ளோரிடாவில் ஒரு முதலைப் பண்ணையில் வெப்பக் கேமராவை வைத்துப் பார்த்தபோது, முதலைகளின் தலையில் அதே இடத்தில் சூடு கூடுவதும் குறைவதும் தெரிந்தது. டி.ரெக்ஸுக்கும் அங்கே ரத்தக்குழாய்கள் நிறைந்து, தலைச் சூட்டைச் சீராக வைத்திருக்கலாம் என்கிறார்கள்.

இனி காக்காவைப் பார்க்க மாடிக்குப் போகும்போது, ஒரு மண்சட்டியில் தண்ணீரும் எடுத்துப் போகலாம். வெயில் தாழ்ந்த பிறகு போனால் போதும். அலகைப் பிளந்தபடி வந்து உட்கார்ந்த காக்கா, இரண்டு வாய் குடித்துவிட்டுப் பறக்கும்போது, "அம்மா, டைனோசர் தண்ணி குடிச்சிட்டுப் போயிடுச்சு!" என்று ஒரு குரல் கேட்கும்.