பழைய கார் வாங்கப் போனோம்

"இனிமே நாலு பேரா அந்த ஸ்கூட்டர்ல போறதை நான் பார்க்கக் கூடாது. சொல்லிட்டேன்!"

என் மாமியார் குரலை உயர்த்திப் பேசுகிறவர் அல்ல. அன்று பேசினார். காரணம் இருந்தது. 2024 வைகாசி மாதம், ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது காவிரிப் பாலத்தின் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் பெரியவன் நிற்கிறான். பின்னால் நான், என் மடியில் மூன்று வயசுச் சின்னவள். பக்கத்தில் போன லாரி வாரி இறைத்த தண்ணீரில் இவர் ஒரு நிமிஷம் தடுமாற, தூங்கிக்கொண்டிருந்த குழந்தை என் ஈரப் பட்டுப்புடவையில் வழுக்கி, இடது பக்கமாகச் சரிந்துவிட்டாள். எப்படிப் பிடித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் அவள் கையில் என் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

ராத்திரியே குடும்ப மாநாடு கூடிற்று. புதுக் கார் நம் சக்திக்கு மீறியது. சீட்டு எடுத்த பணம், நான் போட்டு வைத்திருந்த டெபாசிட், இரண்டையும் சேர்த்தால் நாலே முக்கால் லட்சம். பழைய கார்தான் என்று முடிவாயிற்று.

கோவையில் வண்டி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் என் தம்பியைப் போனில் பிடித்தேன். "அக்கா, கண்ட வண்டியையும் பார்த்துக் குழம்பாதே. ஒரே கம்பெனியை எடுத்துக்கோ. அதுல ரெண்டு மாடலைத் தேர்ந்தெடு. அதைப் பத்தி நல்லாத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் படி ஏறு. சுஸுகின்னா நம்ம தெரு மெக்கானிக்குக்குக் கூடக் கை வந்த வண்டி. துறையூர்ல நின்னு போனாலும் சாமான் கிடைக்கும்" என்றான்.

எனக்கு இது நியாயமாகப் பட்டது. புடவைக் கடையில் எல்லா ரகத்தையும் பிரித்துப் போடச் சொன்னால் கடைசியில் வேண்டாததைத்தானே வாங்கி வருகிறோம்?

இந்த சுஸுகி கம்பெனி ஆரம்பத்தில் கார் செய்த கம்பெனியே இல்லையாம். 1909-ல் ஜப்பானில் ஹமாமத்ஸு என்ற ஊரில் நெசவுத் தறி செய்யத் தொடங்கியவர்கள். 1982-ல் நம் அரசாங்கத்தின் மாருதி உத்யோகோடு ஒப்பந்தம் போட்டார்கள். 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 வெளியே வந்தது. எங்கள் தெரு டாக்டர் வீட்டு வாசலில் வெள்ளையாக ஒன்று நிற்கும். சிறு வயதில் அதன் கண்ணாடியில் முகம் பார்த்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். பிறகு கம்பெனியே சுஸுகியின் கைக்குப் போய், 2007-ல் மாருதி சுஸுகி என்று பெயரும் மாறிவிட்டது.

எங்கள் பட்டியலில் இரண்டே பெயர். வேகன் ஆர், ஸ்விஃப்ட். வேகன் ஆர் மாமியாரின் கட்சி. அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். அந்த வண்டியின் இருக்கை நாற்காலி உயரத்தில் இருப்பதால் குனியாமல் உட்காரலாம். ஸ்விஃப்ட் என் கணவரின் கட்சி. ஏன் என்று கேட்டால், "பார்க்க நல்லா இருக்கு" என்றார். நான் அப்போதைக்கு எந்தக் கட்சியும் இல்லை.

முதலில் போனது பைபாஸ் ரோடு பக்கம் பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தி விற்கும் ஒரு இடத்துக்கு. வெள்ளை ஸ்விஃப்ட், சென்னைப் பதிவு எண். மற்ற இடங்களில் சொன்னதைவிட அறுபதாயிரம் குறைவு. இவர் முகம் மலர்ந்துவிட்டது. கதவைத் திறந்ததும் குப்பென்று மல்லிகை சென்ட் வாசனை. எனக்கு அங்கேதான் உறுத்தியது. சமையலறையில் சாம்பிராணி போட்டிருந்தால் ஏதோ அடிப்பிடித்திருக்கிறது என்று நமக்குத் தெரியாதா? ஐந்து நிமிஷம் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்தேன். மல்லிகைக்கு அடியிலிருந்து மெல்ல வந்தது, மழையில் நனைந்து காயாத இலவம்பஞ்சு மெத்தையின் நாற்றம்.

தம்பி சொல்லிக் கொடுத்தபடி சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்தேன். நாம் மாட்டிக்கொள்ளும் பாகம் பளிச்சென்று இருந்தது. உள்ளே சுருண்டு கிடந்த கடைசி முழத்தில் செம்மண் கோடு! பின்னால் ஸ்டெப்னி டயரைத் தூக்கிப் பார்த்தால் அந்தக் குழியில் மாவு மாதிரி வண்டல்.

"வாட்டர் வாஷ் பண்ணினது மேடம்" என்றார் அங்கிருந்தவர்.

வாட்டர் வாஷில் வண்டல் எப்படி வரும்? 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் வண்டிகள் தண்ணீரில் நின்றதை எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். அப்படி மூழ்கிய வண்டி எல்லாமே காயலான் கடைக்குப் போய்விடுவதில்லை. துடைத்து, காய வைத்து, உறை மாற்றி வேறு ஊருக்கு வந்துவிடுகிறது. இன்ஜினைக்கூடச் சரிசெய்துவிடலாம். உள்ளே ஓடும் ஒயர் முடிச்சுகளில் களிம்பு ஏறினால் பிரேக் சம்பந்தப்பட்ட கருவிகளும் காற்றுப்பையும் எந்த நேரத்தில் கைவிடும் என்று சொல்ல முடியாது. நமஸ்காரம் போட்டுவிட்டு வந்துவிட்டோம்.

காற்றுப்பை என்றேனே, ஏர்பேக், அதுதான் நான் பிடிவாதமாக இருந்த ஒரே சமாசாரம். நம் நாட்டில் ஓட்டுகிறவருக்கான ஏர்பேக் 2019 ஜூலையில்தான் புதுக் கார்களுக்குக் கட்டாயமாயிற்று. பக்கத்தில் உட்காருகிறவருக்கு அதற்கும் பிறகு. ஆகையால் அதற்கு முந்தைய வண்டிகளில் விலை குறைந்த ரகமாக இருந்தால் ஒன்றுகூட இல்லாமல் இருக்கும். வேகன் ஆரில் ஒரே வருஷத்து வண்டியில்கூட ஒன்றில் ஒரு பையும் இன்னொன்றில் இரண்டும் உண்டு. விற்கிறவர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். ஸ்டீயரிங்கின் நடுவிலும், இடது பக்க டாஷ்போர்டின் மேலும் 'ஏர்பேக்' என்ற எழுத்து பதிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

எழுத்து இருந்தால் மட்டும் போதாது என்று இரண்டாவது வண்டி கற்றுக்கொடுத்தது.

அது சிவப்பு ஸ்விஃப்ட், 2018 மாடல். வீட்டில் வைத்து விற்கிறார்கள். இவர் பார்த்த மாத்திரத்தில் மயங்கிவிட்டார். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினேன். எதிரே கொலுவில் சீரியல் விளக்குப் போட்டது போல் ஒரு வரிசை எரியும், பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு மனிதர் வயிற்றுக்கு முன் பலூனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு சிவப்புப் படம் உண்டு. அது எரிய வேண்டும். சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தாலும் கோளாறு. எரியவே இல்லை என்றால்? கோளாறு வெளியே தெரியாதிருக்க யாரோ விளக்கையே பிடுங்கியிருக்கக் கூடும்.

அந்தச் சிவப்பு வண்டியில் பலூன் மனிதரைக் காணோம்.

"பல்பு போயிருக்கும்மா, இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றார் வீட்டுக்காரர். என் கணவரும், "சின்ன பல்புதானே" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். நல்லவேளை, எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனைக் கூடவே அழைத்துப் போயிருந்தோம். அவர் பானெட்டைத் திறந்து முன் தகடுகளின் போல்ட்டுகளைக் காட்டினார். ஸ்பானர் பட்டுப் பெயின்ட் உரிந்திருந்தது. டாஷ்போர்டின் இடது பக்கம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கீறி ஒட்டிய கோடு. "அக்கா, இது முன்னாடி பலமா மோதியிருக்கு. பை வெடிச்சிருக்கு. புதுசு போடாம மூடியை மட்டும் ஒட்டி வச்சிருக்காங்க" என்றார் மெதுவாக. வெடித்த பையோடு, அதை இயக்கும் பெட்டியையும் மாற்ற வேண்டுமாம். செலவு ஜாஸ்தி என்று இப்படிச் செய்துவிடுகிறார்கள்.

திரும்பி வரும்போது தில்லை நகர் வரை இவர் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "ஒரு காபி போடேன்" என்றார். தப்பை ஒத்துக்கொள்ளும்போது இவர் கேட்பது எப்போதும் காபிதான்.

அடுத்து ஒரு வேகன் ஆர். 2020 வண்டி. குறை சொல்ல ஒன்றுமில்லை. மாமியார் ஏறி உட்கார்ந்து, இறங்கி, மறுபடி உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் அங்கேயே முன்பணம் கொடுத்துவிடலாம் போலிருந்தது. நான்தான் பின் இருக்கையில் சாய்மானமும் அடிப்பாகமும் சேருகிற இடுக்கில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தேன்.

நான் தேடியது ஐஸோஃபிக்ஸ். குழந்தை நாற்காலியைக் கவ்விப் பிடித்துக்கொள்ள வண்டியின் உடம்போடு சேர்த்தே பற்ற வைத்த இரும்பு வளையங்கள். அந்த வண்டியில் அகப்படவில்லை. 2018-ல் வந்த ஸ்விஃப்டில் எல்லா ரகத்திலும் இது உண்டு. முன்னால் இரண்டு ஏர்பேக்கும் உண்டு. சீட் பெல்ட்டாலேயே கட்டும் குழந்தை நாற்காலியும் கிடைக்கிறது. ஆனால் அவசரத்தில் அதைத் தப்பாகக் கட்டிவிடுவது சுலபம். காலை எட்டு மணிக்கு டிபன் பாக்ஸ், ஸ்கூல் பை, அழுகிற குழந்தை மூன்றையும் சமாளிக்கிற கைக்கு, 'கிளிக்' என்று தானே மாட்டிக்கொள்வது எவ்வளவு பெரிய உபகாரம்!

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மோதிப் பார்த்துச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு, 2018-ல் இந்த ஸ்விஃப்டுக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரம்தான் கொடுத்தது. சோதனையைக் கடுமையாக்கிய பிறகு 2022-ல் ஒன்று. வேகன் ஆருக்கு 2023-ல் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஒன்று, குழந்தைகளுக்குப் பூஜ்யம். இரண்டுமே கோட்டை இல்லை. கையில் உள்ள பணத்துக்கு எது கொஞ்சம் தேவலை என்றுதான் பார்க்க முடிந்தது.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தேன். அவரே கேட்டார். "அந்த வளையம் ஸ்விஃப்ட்லதான் இருக்கா?"

"ஆமாம் அத்தை. ஆனா உங்க முழங்கால்..."

"என் முழங்காலுக்கு வயசு அறுபத்தெட்டு. அவளுக்கு மூணு."

பிசியோதெரபிஸ்ட் அம்மா ஒரு வழி சொன்னார். தாழ்ந்த காரில் காலை முதலில் வைத்துக் குனிந்து ஏறுவதால்தான் முட்டிக்கு வலி. முதுகைக் காட்டி நின்று, பக்கவாட்டில் உட்கார்ந்துவிட வேண்டும். பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இறங்கும்போது இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். இருக்கையில் கெட்டியான ஒரு மெத்தைத் துண்டு போட்டால் உயரமும் கூடும். முட்டிவலிக்காரர்கள் உள்ள வீட்டில் செய்து பாருங்கள்.

கடைசியில் தஞ்சாவூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் சாம்பல் நிற ஸ்விஃப்ட், 2018 அக்டோபர், நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர். "நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க சார்" என்று போனிலேயே சொல்லியிருந்தேன். சூடேறிய இன்ஜின் தன் இருமலை மறைத்துவிடும். போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. ஒரே திருப்பில் கிளம்பியது. நீலப் புகை இல்லை. ஆயில் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் மாதிரிப் பசை இல்லை. டயரில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 3618 என்றால் 2018-ன் முப்பத்தாறாவது வாரம். ஆக டயர்கள் வண்டியோடு வந்தவையே. பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வயசாகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிப் பன்னிரண்டாயிரம் குறைத்தேன். பலூன் மனிதர் எரிந்தார், அணைந்தார்.

சேஸிஸ் நம்பரை வாங்கிக்கொண்டு கம்பெனியின் இணையதளத்திலும் பார்த்தோம். எல்லாக் கம்பெனியும் தவறு தெரிந்தால் வண்டியைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்து தருவது வழக்கம். 2018 மே 7 முதல் ஜூலை 5 வரை தயாரான ஸ்விஃப்ட், டிசையர் வண்டிகளில் 1,279-ஐ ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்காக அப்படி அழைத்தார்கள். 2019-ல் வேகன் ஆர் 40,618, பெட்ரோல் குழாய்க்காக. முதல் சொந்தக்காரர் போகாமல் விட்டிருக்கலாம் அல்லவா? எங்கள் வண்டி எந்தப் பட்டியலிலும் இல்லை.

இனி காகிதங்கள். இவை சலிப்பான விஷயம். ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அரசாங்கத்தின் 'பரிவாகன்' தளத்தில் நம்பரைப் போட்டு, எத்தனையாவது சொந்தக்காரர், பாங்குக் கடன் பாக்கி உண்டா, அபராதம் நிலுவையா என்று பாருங்கள். கடன் இருந்து தீர்ந்திருந்தால் பாங்கின் கடிதமும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்றவர் பதினாலு நாளுக்குள்ளும், வாங்கியவர் முப்பது நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். இன்ஷூரன்ஸையும் பதினாலு நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற மனுக் கொடுக்க வேண்டும். பழையவரின் 'நோ கிளெய்ம்' தள்ளுபடி அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. எங்களுக்கு இது தெரியாமல் கூடுதலாக ஒரு தொகை கட்டினோம்.

பேரம் முடிந்தபின் ஆசிரியரின் மனைவி இரண்டாவது சாவியைப் பூஜை அலமாரியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார். இரண்டு சாவியும் கேட்டு வாங்குங்கள். பல பேர் மறந்துவிடுகிறார்கள்.

போன மாதம் சமயபுரம் போனோம். சின்னவள் பின்னால் தன் நாற்காலியில், 'கிளிக்' சத்தத்தைத் தானே வாயால் போட்டுக்கொண்டு. மாமியார் முன்னால், முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலைத் திருப்பி, மெத்தைத் துண்டைச் சரிசெய்துகொண்டார். காவிரிப் பாலத்தில் தூறல் போட்டது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டோம்.