தறிக்காரர் யாரிடம் கூலி உயர்வு கேட்பது?

மில்லில் வேலை பார்ப்பவருக்குச் சம்பளம் கொடுப்பவர் இன்னார் என்று தெரியும். சோமனூரிலும் பல்லடத்திலும் கூலிக்குத் தறி ஓட்டுபவரின் நிலை வேறு. தறி அவருடையது, குடோன் அவருடையது, கரண்ட் பில் அவர் பெயரில் வருகிறது, ஆள் கூலியும் அவர்தான் கொடுக்கிறார். ஓடுகிற நூல் மட்டும் அவருடையது அல்ல. ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூலும் ஊடை நூலும் தருகிறார், இவர் காடாத் துணியாக நெய்து திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்குகிறார். கோவை, திருப்பூர் மாவட்டங்களில் இப்படிக் கூலிக்கு ஓடும் விசைத்தறிகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

கூலி பைசாக் கணக்கில் நிற்கிறது. ஊடை நூல் ஒருமுறை குறுக்கே ஓடினால் ஒரு பிக். அங்குலத்துக்கு எத்தனை பிக் என்பதை வைத்து மீட்டருக்குக் கூலி தீர்மானமாகிறது. பிக்குக்கு ஒரு சிறு பின்னம் குறைந்தாலும் மாத முடிவில் ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவே இடிக்கும்.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கூலி ஒப்பந்தம் போட வேண்டும் என்பது வழக்கம். 2014-க்குப் பிறகு அது நின்றுபோனது. 2021 நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் பேசி, சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதமும் பல்லடம் உள்ளிட்ட மற்ற ரகங்களுக்கு 20 சதவீதமும் உயர்வு என்று அறிவித்தார்கள். கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இடைப்பட்ட ஏழு ஆண்டுக்குப் பிரித்தால், ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம்தான். அந்த உயர்வும் சொன்னபடி கைக்கு வரவில்லை. 2022 ஜனவரி 9 முதல் தறிக்காரர்கள் தறிகளை நிறுத்தினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மின் கட்டணமும் ஏறியது. 2023 மார்ச்சில் விசைத்தறிகளுக்கான இலவச மின்சாரத்தை இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக அரசு உயர்த்தியதில் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. கூலிப் பிரச்சினை அப்படியே இருந்தது. 2025 மார்ச்சில் மீண்டும் வேலைநிறுத்தம், ஒரு மாதம் நீண்டது. ஏப்ரலில் சோமனூர் ரகத்துக்கு 15, மற்ற ரகங்களுக்கு 10 சதவீதம் என்று முடிவானது.

அரசு முன்னிலையில் பேசி முடித்த தொகைக்காக மறுபடி தெருவில் உட்கார வேண்டியிருப்பது ஏன்? சட்டத்தின் பார்வையில் தறிக்காரர் தொழிலாளி அல்ல, சிறு தொழில்முனைவோர். அதனால் குறைந்தபட்சக் கூலிப் பாதுகாப்பு அவரைச் சேராது. பேச்சுவார்த்தை முடிவை மீறியவரை அதிகாரி கேட்கவும் வழியில்லை.

பக்கத்திலேயே திருப்பூர் பனியன் தொழில் இருக்கிறது. அங்கே முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகின்றன. 2021-இல் நான்கு ஆண்டுகளுக்கு 32 சதவீதம், முதல் ஆண்டிலேயே 19 சதவீதம் என்று ஒப்பந்தமானது. எல்லாக் கம்பெனியிலும் அது முழுதாகக் கிடைத்தது என்று சொல்லமாட்டேன். ஆனாலும் கிடைக்காதவர் தொழிலாளர் துறையில் போய்ச் சொல்ல ஓர் இடம் இருக்கிறது.

நூல் விலை ஏறி இறங்கும்போது உற்பத்தியாளருக்கும் நெருக்கடி உண்டு என்பது உண்மை. அதற்காக, பேரம் பேசத் தறியை நிறுத்துவதைத் தவிர வேறு எதுவுமில்லாத தறிக்காரர் தலையிலேயே நட்டம் இறங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. தறியை நிறுத்தினால் அவருக்கும் அன்றே வருமானம் நிற்கிறது. வங்கித் தவணை நிற்பதில்லை. தாக்குப்பிடிக்க முடியாதவர்கள் தறியை உடைத்துப் பழைய இரும்புக்கு எடை போட்டிருக்கிறார்கள்.

ஆகவேதான் 2025 போராட்டத்தில் சதவீதத்தோடு இன்னொன்றையும் கேட்டார்கள்: சட்டப் பாதுகாப்போடு கூடிய கூலி ஒப்பந்தம். ரகம் வாரியாகப் பிக்குக்கு இவ்வளவு என்று அரசு ஆணையில் எழுதப்பட வேண்டும், எந்த அடிப்படைக் கூலியின் மேல் உயர்வு கணக்கிடப்படுகிறது என்பதும் அதில் இருக்க வேண்டும், குறைத்துக் கொடுத்தால் எங்கே முறையிடுவது என்பதும் தெளிவாக வேண்டும். மூன்றாண்டுக் கணக்குப்படி அடுத்த பேச்சு 2028-இல் வரும். அந்த ஆணை அதற்கு முன்பே வெளியாக வேண்டும்.