கடுகு முதலில், கறிவேப்பிலை கடைசியில்

அரை ஸ்பூன் கடுகைப் பச்சைத் தண்ணீர் தெளித்து அரைத்து வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடியில் கலந்தால், மூக்கு வரை ஏறும் காரம். அதே கடுகைக் காய்ந்த எண்ணெயில் வெடிக்கவிட்டால் அந்தக் காரத்தின் சுவடே இருக்காது. வறுத்த பருப்பைப் போன்ற மணம்தான் வரும். கடுகு முதலில் சந்தித்தது தண்ணீரையா, சூட்டையா என்பதில் இருக்கிறது இவ்வளவு வித்தியாசமும்.

முழுக் கடுகுக்குள் காரம் தயாராக இருப்பதில்லை. சினிகிரின் என்ற கசப்புப் பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் தனித்தனியே அடைபட்டிருக்கின்றன. கடுகு நசுங்கி ஈரம் பட்டதும் இரண்டும் கலக்கும். அப்போதுதான் அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற காரப்பொருள் பிறக்கிறது. கடிக்க வரும் பூச்சியை விரட்டச் செடி வைத்திருக்கும் ஆயுதம் இது. நொதி ஒரு புரதம். சூடு பட்டால் செயலிழந்துவிடும். அதனால்தான் தாளித்த கடுகு காரமாக இருப்பதில்லை. கொதிக்கும் நீர் விட்டு அரைத்தாலும் காரம் ஏறாது. ஆவக்காய்க்குக் கடுகை வறுக்காமல் பச்சையாகப் பொடிப்பதும் இதற்காகத்தான்.

மசாலாப் பொருள்களைப் பற்றிப் பேசும்போது எதைப் போடுவது, எவ்வளவு போடுவது என்றுதான் நாம் கேட்கிறோம். எப்போது போடுவது என்பதை அதற்குச் சமமாகக் கேட்க வேண்டும். அன்றாடச் சமையலில் ருசி கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

தாளிப்புக் கரண்டியையே பாருங்கள். மிளகு, சீரகம், கறிவேப்பிலை என்று எதை எடுத்தாலும் அதன் மணப்பொருள்களில் பெரும்பாலானவை தண்ணீரில் எளிதில் கரையாதவை, எண்ணெயில் கரைபவை. தண்ணீரில் கொதிக்கவிட்டால் ஆவியோடு ஆவியாகப் போய்விடும். எண்ணெயில் இறங்கினால் அங்கேயே தங்கி, பிறகு குழம்பு முழுவதும் பரவும். ஆனால் எண்ணெயின் சூட்டை எல்லாப் பொருளும் ஒரே அளவுக்குத் தாங்காது. கடுகின் உள்ளே இருக்கும் சொற்ப ஈரம் நீராவியாகி, கெட்டியான தோலைப் பிளந்தால்தான் அது வெடிக்கும். அதற்கு எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஆகவே கடுகு முதலில். படபடப்பு அடங்கும்போது உளுத்தம்பருப்பு. அது பொன்னிறமாகத் தொடங்கியதும் கிள்ளிய மிளகாய். பிறகு பெருங்காயம், கடைசியில் கறிவேப்பிலை. இலையின் ஈரம் சடசடத்து எண்ணெயின் சூட்டைச் சற்றுத் தணிக்கவும் செய்யும். மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் வெறும் எண்ணெயில் நொடிகளில் கருகிவிடும். வெங்காயமோ தக்காளியோ வதங்கி ஈரம் விட்ட பிறகு அவற்றைப் போடுவதே சரி.

பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட மலைகளில் வளரும் ஃபெருலா செடியின் வேரிலிருந்து வடியும் பிசின். எவ்வளவோ காலமாக நாம் இதை விலைக்கு வாங்கித்தான் சாப்பிடுகிறோம். இந்தியாவில் பயிரிடும் முயற்சியாக, 2020 அக்டோபரில் இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில், குவாரிங் என்ற கிராமத்தில் பாலம்பூர் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் நாற்று நட்டார்கள். செடி பிசின் தருவதற்குச் சுமார் ஐந்து ஆண்டுகள் பிடிக்கும். பெருங்காயத்தின் நெடிக்குக் கந்தகச் சேர்மங்களே காரணம். சூடான எண்ணெய் பட்டதும் அந்த முரட்டு நெடி அடங்கி, வெங்காயத்தையும் பூண்டையும் நினைவூட்டும் மணமாகிறது. அவ்விரண்டும் சேர்க்காத வீடுகளில் பெருங்காயத்துக்கு இருக்கும் மதிப்பு சும்மா வந்ததல்ல. கடையில் வாங்கும் தூளில் மாவும் வேறு பிசினும் கலந்திருக்கும். மாவு சீக்கிரம் தீயும் என்பதால் தூளுக்குச் சில நொடிகளே போதும். கட்டிப் பெருங்காயம் என்றால் நிதானமாகப் பொரியவிடலாம்.

வெந்தயத்தின் கதை இன்னும் சுவையானது. 2005 முதல் சில ஆண்டுகள் நியூயார்க் நகரத்தின் மேல் அவ்வப்போது மேப்பிள் சிரப்பின் இனிய வாசனை வீசியது. எங்கிருந்து வருகிறதென்று யாருக்கும் தெரியவில்லை. அண்டை மாநிலமான நியூ ஜெர்சியில் வெந்தயத்தைப் பதப்படுத்திய ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்தது என்று 2009-இல் மேயர் புளூம்பெர்க் அறிவித்தார். வெந்தயத்தில் உள்ள சோட்டலோன் என்ற பொருள் செறிவாக இருந்தால் குழம்பு மணம் தரும்; மிகக் குறைந்த அளவில் காற்றில் கலந்தால் இனிப்புப் பாகாக மணக்கும். சாம்பாருக்குக் கால் ஸ்பூன் போதும் என்று பெரியவர்கள் கையை இறுக்கியது நியாயமே. சிவக்கும் வரை வறுக்கலாம்; கருத்தால் கசப்பு மட்டுமே மிஞ்சும்.

கசப்பை அடக்க உப்பு உதவும். 1997-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, உப்பு கசப்பை மட்டுப்படுத்துவதால் மற்றச் சுவைகள் மேலெழுகின்றன என்று காட்டியது. சப்பென்றிருக்கும் கூட்டில் மிளகாயைக் கூட்டுவதற்கு முன் ஒரு சிட்டிகை உப்பைக் கூட்டிப் பாருங்கள்.

புளி விஷயத்தில்தான் அவசரம் அதிகம் கெடுக்கிறது. காய்கறியின் செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின். வேகும்போது அது கரைவதால்தான் காய் மெத்தென்றாகிறது. புளியின் டார்டாரிக் அமிலம் அந்தக் கரைவைத் தடுக்கிறது. முருங்கைக்காயும் கத்திரிக்காயும் முக்கால் பதம் வெந்த பிறகு புளிக்கரைசலை ஊற்றினால், காய் நறுக் நறுக்கென்று நிற்காது. பருப்புக்கும் இதே விதி. வெண்டைக்காய்க்கு மட்டும் தலைகீழ்: முதலிலேயே கொஞ்சம் புளித்தண்ணீர் விட்டால் கொழகொழப்பும் குறையும், காயும் குழையாது.

ரசத்தில் இவை எல்லாம் ஒன்றுசேர்கின்றன. புளித்தண்ணீரைப் பச்சை வாசனை போக நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். பருப்புத் தண்ணீரை விளாவி, அப்போது தட்டிய மிளகு சீரகத்தைப் போட்ட பின் கொதிக்கவிடக் கூடாது. நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். வீடெல்லாம் மணக்கிறதென்றால், அவ்வளவு மணம் பாத்திரத்தை விட்டு வெளியேறிவிட்டது என்று பொருள். மாதக்கணக்கில் டப்பாவில் கிடக்கும் பொடிக்கும் இதே கதிதான். பொடிக்கும்போது காற்றுப் படும் பரப்பு பல மடங்காவதால் மணம் வேகமாகக் கழன்றுவிடுகிறது. அஞ்சறைப் பெட்டியை அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மிளகையும் சீரகத்தையும் முழுதாக வைத்திருந்து, வேண்டும்போது தட்டிக்கொள்ளுங்கள். ரசத்தை இறக்கி, நெய்யில் தாளித்துக் கொட்டியவுடன் தட்டு போட்டு மூடிவிடுங்கள்.